கமெராவைப் பார்த்த மனிதர்

பழைய ஆங்கிலத் தொடர் ஒன்றில், கூட்டத்துக்குள் ஒரு மாநிற முகம் தெரிந்தால் போதும், லண்டன் தமிழன் சோபாவை விட்டு எழும்பி "எங்கட ஆள்!" என்பான். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. அதனால் என் கலியாணமே நின்றுபோகப் பார்த்தது.

லண்டனில் நான் ஸ்ட்ரெதம் பக்கம், என் காதலி தர்சினி குட்மேய்ஸ் பக்கம். சம்மதம் கேட்க முதல் முறையாக அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா கோயில் நிர்வாகசபைத் தலைவர். அந்த வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழையக்கூடாது. லொத்தர்ச் சீட்டு வாங்குகிறவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாராம்.

"அப்பா ஓம் எண்டால்தான் கலியாணம். நீர் வாயைத் திறக்காமல் இரும், அது காணும்" என்று தர்சினி வாசலிலேயே சொல்லிவிட்டாள். (வாயை மூடச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.)

ஒரு வடை முடியும்வரை தாக்குப்பிடித்தேன். அப்போது பார்த்து டிவியில் என் உயிரான அந்தப் பழைய துப்பறியும் தொடர் தொடங்கியது. சூதாட்ட கிளப் ஒன்றில் வாரத்துக்கு ஒரு கொலை. அங்கிள் அவசரமாக ரிமோட்டைத் தேடினார். என்ன ஒழுக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். ரிமோட் என் பக்கத்தில் கிடந்தது. எடுத்து, படத்தை நிறுத்தினேன்.

"அங்கிள், இவரைப் பாருங்கோ, எங்கட ஆள்!"

சூதாட்ட மேசைக்குப் பின்னால் சுருட்டை முடி, பெரிய கிருதா, கையில் விஸ்கி. விடுவேனா? ஆரும் செத்தால் எல்லாரும் பிணத்தைப் பார்ப்பார்கள், இவர் மட்டும் கமெராவைப் பார்ப்பார் என்றேன். நண்பர்களும் நானும் இவருக்கு மரக்கட்டை என்று பேர் வைத்திருக்கிறோம் என்றேன். விஸ்கிக்குப் பதில் வடையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நடித்தும் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

தர்சினியின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டப் போனார். படத்தைப் பார்த்தார். பிறகு கணவரின் வழுக்கையைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, லண்டனுக்கு வந்த புதிசிலை பெற்றோல் ஷெட்டிலை வேலை எண்டெல்லோ எனக்கு எழுதினனீங்கள்?"

என் வடை சட்னிக்குள் விழுந்தது. தர்சினி கண்ணாலேயே வாசலைக் காட்டினாள். எல்லாம் முடிந்தது என்று, கழற்றிப் போட்ட சப்பாத்தைத் தேடிப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையும் வந்தது.

"தம்பி, இரும்." அங்கிள் பின்னாலேயே வந்துவிட்டார். "அப்ப என்ரை அறையிலை டிவி இல்லை. பிறகு கோயில் தலைவராப் போனன், ஆரிட்டைக் கேக்கிறது? நான் நடிச்சதிலை ஒண்டும் பார்க்கேல்லை. என்னைச் சுடுற எபிசோட் கிடக்கோ?"

கிடந்தது. தேடிப் போட்டேன். தன் சாவை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அன்ரி முதலில் முறைத்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செத்த பிறகும் அங்கிள் கண் சிமிட்டியதை நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு முன்பே சம்மதம் கிடைத்தது.

எங்கள் கலியாண அல்பத்தைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள், பெண்ணின் அப்பாவுக்குக் கழுத்துப் பிடிப்போ என்று. தாலி கட்டும்போதும் சுவரைப் பார்க்கிறார், குடும்பப் படத்திலும் சுவரைப் பார்க்கிறார். போட்டோ எடுத்தவர் கெஞ்சிப் பார்த்தார். மாமா அசையவில்லை.

"கமெராவைப் பார்த்தால் மருமகனுக்குப் பிடிக்காது" என்றாராம்.