நெஞ்சுவலிக்கு ஒத்திகை

மனிதகுலம் இதுவரை கண்ட அவசரப் பிரிவுகளில் தலைசிறந்தது, குருபரப்பள்ளி நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் மருத்துவமனையினுடையதுதான். இங்கே ஆதாரம் இல்லாமல் ஒரு தும்மலைக்கூட நம்ப மாட்டோம். இதன் 'தொடர்கல்வி ஒருங்கிணைப்பாளர்' பதவியை இறைவன் எனக்கு அருளியிருக்கிறான்.

சென்ற மாதப் பயிற்சியின் தலைப்பு: 'நெஞ்சுவலி: ஒரு நொடியும் வீணாகாது.' பயிற்சி தர பெங்களூரிலிருந்து டாக்டர் ஹரீஷ்குமார் வந்திருந்தார். நோயாளியாக நடிக்க, தெருக்கூத்தில் ராஜா வேடம் கட்டும் மத்தூர் மாதப்பனைப் போனில் பேசி ஏற்பாடு செய்திருந்தேன். அவர் முகம் எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பயிற்சியின் தூய்மை கெட்டுவிடுமாம்.

டாக்டர்கள் எல்லோரும் அவசரப் பிரிவிலேயே கூடிக் காத்திருந்தோம். சொன்ன நேரத்துக்கு ஒரு ஆட்டோ வந்தது. சட்டை நனைய வேர்த்து, நெஞ்சைப் பிடித்தபடி ஒருவர் இறங்கினார். கூடவே ஒரு பெண் அழுதுகொண்டு வந்தார். துணை நடிகையும் உண்டா என்று என்னைப் பாராட்டினார்கள். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன்.

அவரைக் கட்டிலில் கிடத்தி, சுற்றி நின்று விவாதித்தோம்.

"இடது கை இழுக்குதுய்யா. மூச்சு முட்டுது."

"புத்தகத்துல இருக்கற வரிசையிலயே சொல்றாரு பாருங்க. நல்ல மனப்பாடம்," என்றார் ஹரீஷ்குமார். "வலிதான் முகத்துல கொஞ்சம் கம்மியா தெரியுது."

அந்தப் பெண் ஹரீஷ்குமாரின் காலில் விழுந்தார். அது சற்று மிகை என்று பெரும்பான்மையோர் கருதினர். ஈசிஜியை எப்போது எடுக்க வேண்டும் என்பதற்குப் பல நாட்டு ஆய்வுகள் திரையில் ஓடின. எல்லாம் ஒருமனதாக 'உடனே' என்றன. கைதட்டினோம்.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார்.

"மன்னிச்சிக்கங்க சார், பஸ்ஸு லேட்டு. நாந்தான் மாதப்பன். எங்க படுக்கணும்?"

எங்கள் கண்கள் எல்லாம் கட்டிலுக்குத் திரும்பின. மாதப்பன் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். அருகே போய், தோள்துண்டால் அவர் முகத்தைத் துடைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆவாதுண்ணா. நான் இங்கியே இருக்கறன்."

அதன் பிறகுதான் நாங்கள் ஈசிஜி எடுக்க ஓடினோம். கடவுள் கருணையால் அண்ணாதுரை என்ற அந்தத் தொழிற்சாலை ஊழியர் பிழைத்துக்கொண்டார். பயிற்சி மகத்தான வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. பயிற்சி நாட்களில் 'அசல்' நோயாளிகள் முன்னறிவிப்புடன் வர வேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறியது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அண்ணாதுரையின் மனைவி தங்கமணி என்னிடம் வந்தார்.

"அன்னைக்கு இவரு கையப் புடிச்சிக்கிட்டு நின்னாரே, அந்த டாக்டர ஒரு கும்பிடு கும்பிட்டுட்டுப் போறேன்யா."

"அவர் டாக்டர் இல்லம்மா. நடிக்க வந்தவர்."

தங்கமணி அங்கே நின்ற வெள்ளைக் கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அவரா நடிக்க வந்தவரு?"