கப்பல் கட்டிய சுங்குடிப் பாய்

மதுரைக்குக் கடல் இல்லை என்பதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் கப்பல்தான். கலெக்டருக்கு மனு கொடுக்காததுதான் குறை. அவருக்கும் அம்மா அப்பா ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தொண்ணூறுகளில், தல்லாகுளத்தில் நாங்கள் குப்பை கொட்டிய ஆபீஸில், பியூன் முதல் அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் கப்பல்.

காலில் சக்கரம் கட்டிப் பிறந்த ஆள். கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் ஜன்னலில் நிற்பார், வானத்தைப் பார்ப்பார். “மாப்ள, இன்னிக்கு மழை கெடையாது. எழுதி வச்சுக்க.” நாங்கள் உடனே குடையைத் தேட ஆரம்பிப்போம்.

இந்தக் கடல் கிறுக்குக்குக் காரணம் மகள். சௌராஷ்டிரக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து வீட்டில் சுங்குடிச் சாயம். ஒரே மகள் டீச்சர் வேலைக்குப் போன இடத்தில், வேம்பார்க் கடற்கரைப் பையன் ஒருவனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். கப்பல் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தெருவே பார்க்கச் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்.

“என் வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது. பஸ்ஸு, ரயிலு, காரு, சைக்கிளு எதுலயும் அவ ஊருக்கு நான் போகமாட்டேன். நடந்தும் போகமாட்டேன்!”

கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் சூடம் அணைத்த சத்தியத்துக்கு எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது. அடுத்த வருஷம் பேத்தி பிறந்த செய்தி வந்தது. மனுஷன் ஆபீஸ் வராந்தாவில் நாள் முழுக்க நடந்தார். சாயந்தரம் என் மேஜைக்கு வந்து, முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“ஆத்திரத்துல அம்புட்டையும் அடுக்குனேன் மாப்ள. படகை மட்டும் சொல்லல பாத்தியா!”

கீழக்கரையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பாய்மரப் படகு ஒன்று கிடந்தது. யாட் என்பார்கள், கப்பல் அதை “யாட்டு” என்பார். இரண்டு வருஷம் சனி, ஞாயிறெல்லாம் பஸ் ஏறிப் போய் ஓட்டை அடைத்தார். பாய் கட்டப் பழகியது வண்டியூர் தெப்பக்குளத்தில். அப்போது குளத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊரே இறங்கிக் கிரிக்கெட் ஆடும். நடுவில் இவர் இரண்டு மூங்கிலை நட்டு, துணியைக் கட்டி, “காத்து மாறுது! காத்து மாறுது!” என்று ஓடுவார். பந்து பட்டால் சிக்ஸர் என்று விதி போட்டுக்கொண்டார்கள்.

பேத்திக்கு ஐப்பசியில் காதுகுத்து என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதும், கப்பலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அண்ணே, ஐப்பசியில எவனாச்சும் கடல்ல எறங்குவானா?”

“தாத்தன் இல்லாமக் காது குத்தச் சொல்றியா? நீ வாரியா, இல்ல நான் ஒத்தையில போகவா?”

போனேன். புத்தி வேண்டுமே! கரையை ஒட்டியே போனால் மூன்றாம் நாள் வேம்பார், காதுகுத்து அதற்கு மறுநாள் என்பது அவர் கணக்கு. கீழக்கரையில் பார்த்தால் புதுப் பாய் சிவப்பும் மஞ்சளுமாக, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. சுங்குடி! பழைய பாய் கிழிந்ததாம். அவசரத்துக்கு வீட்டிலேயே சாயம் போட்டு, காய்ந்தும் காயாமல் தைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

முதல் ஒரு மணி நேரம் வெயில். அப்புறம் மழை. அப்புறம் வெயில், காற்று, மறுபடி மழை. வானமும் கப்பலைப் போலவே ஒரு நிலையில் நிற்கவில்லை. முதல் மழையிலேயே பாய் அழ ஆரம்பித்தது. சிவப்புச் சாயம் ஒழுகி எங்கள் தலை, வேட்டி, புளியோதரைப் பொட்டலம் எல்லாவற்றிலும் இறங்கியது. நான் காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாலிநோக்கத்தில் நங்கூரம் போட்டதும் கப்பல், “ஊரைப் பாத்துட்டு வாரேன்” என்று குதித்துப் போனார். எதிரே வந்த மீன்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஒரு பெரியவர் மட்டும் தைரியமாக நின்று கேட்டார்: “எங்கிட்டிருந்து வாரீக?”

“மதுரையில இருந்து” என்றார் கப்பல்.

பெரியவர் படகைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “அங்க இருந்து படகுலயா?”

மறுநாள் மூக்கையூரில் கரையேறினோம். அதோடு சரி. எதிர்க்காற்று சுழற்றி அடித்தது. மீனவர்கள் தங்கள் வள்ளங்களையே மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “இன்னும் ரெண்டு நாளைக்குக் கடல் விடாது. எறங்குனா பொணமாத்தான் ஒதுங்குவீக” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாளும் விடிந்தது. மறுநாள் காலை காதுகுத்து. வேம்பார் பஸ் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. கப்பல் கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் உள்ளங்கையைப் பார்ப்பார்.

எனக்குத் தாங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், மகள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். “அப்பா மூக்கையூர்ல நிக்கிறாரு” என்று அவளிடம் சொன்னதுமே லைன் கட்டாகிவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மத்தியானம் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள், இடுப்பில் குழந்தையோடு. அவர் வீட்டு வாசலும் இல்லை, அவள் ஊரும் இல்லை; மூக்கையூர் மணல். எந்தச் சத்தியத்துக்கும் சேதாரமில்லை. கப்பல் அப்படியே நின்றார். குழந்தை, சிவப்பு முகத்தைக் கண்டு வீறிட்டது. மகள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள், கடற்கரை முழுக்கக் கேட்கட்டும் என்று தமிழிலேயே கத்தினாள்.

“ஏம்ப்பா, சாயம் நிக்க உப்புப் போட்டீங்களா இல்லையா?”

மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு! கப்பல் வேட்டி நுனியால் முகத்துச் சிவப்பைத் துடைத்தார்.

“கடல்ல இம்புட்டு உப்பு கெடக்கே, போதும்னு நெனச்சேன்மா.”

அவள் சிரித்தாள், அழுதாள், குழந்தையை அவர் கையில் திணித்தாள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் ஆசாரியோடு பஸ் ஏறி வந்தார்கள். படகோரம் மணலில், தாத்தா மடியில் வைத்தே காது குத்தினார்கள். பேத்தி கொஞ்சம் அழுதாள். கப்பல்தான் தேம்பித் தேம்பி அழுதார்.

திரும்பி வந்து சாயம் ஒழுகியதை, நான் வாந்தி எடுத்ததை, மீன்காரம்மா ஓடியதையெல்லாம் நடித்தே காட்டி ஆபீஸைச் சிரிக்க வைத்தேன். அவர் அழுததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.