பதினேழாம் நம்பர் இரத்தம்

எங்கள் வம்சத்திலேயே "இரத்தத்தில் கொழுப்பு" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் தாத்தாவும் இன்னொருவர் வயலில் உழைத்து, ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். எதனால் என்று ஊசி குத்திப் பார்க்க அப்போது யார் இருந்தார்கள்? ஆகவே இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பயந்த சுபாவம் வேறு. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பயிர் காயுமே என்று பயப்படுவேன். வந்துவிட்டால் கரை உடையுமே என்று பயப்படுவேன்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் குத்தகைத் தகராறு. மிராசுதார் நடேசன் ஐயாவின் நிலத்தைப் பதினான்கு குடும்பங்கள் இருபது வருஷமாகச் சாகுபடி செய்தோம். ஆனால் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் எங்கள் பெயர் கிடையாது. பெயர் ஏறாவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் எங்களை வெளியேற்றலாம். மறியல் செய்து, போலீஸ் வேனில் ஏறி இறங்கி, கடைசியில் வருகிற திங்கட்கிழமை தாசில்தார் முன்னால் கையெழுத்துப் போடுவதாக ஐயா ஒப்புக்கொண்டார்.

இதற்கு நடுவில் தலைவர் பிறந்தநாள் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் இலவச இரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். எனக்கு டோக்கன் பதினேழு, ஐயாவுக்குப் பதினெட்டு. "கலியபெருமாளு, தள்ளு, எனக்கு வேலை இருக்கு" என்று அவர்தான் முதலில் கையை நீட்டினார்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. சின்ன வயது டாக்டரம்மா.

"பதினேழு யாருங்க? இந்த இரத்தத்தை நிக்கவெச்சா மேல பாலாடை மாதிரி மிதக்குது. இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் தொடவே கூடாது. மாரடைப்பு வரலாம், கணையம் வீங்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

நான் என் உடம்பைப் பார்த்தேன். சவுக்குக் கம்பு. எனக்குக் கணையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அப்படி ஒன்று இருந்தால் அது மிராசுதாருக்குத்தான் இருக்க முடியும். அவர் தொந்தி காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் ஏறுவார். வரிசையில் முந்தினாரே, அப்போதே நம்பர் மாறிவிட்டது! இது ஐயாவின் இரத்தம்.

திங்கட்கிழமைக்குள் ஐயா போய்விட்டால்? சென்னையில் இருக்கும் அவர் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிடுவார்கள். சரி, அவரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் வைத்தியத்துக்குச் சென்னை போய்விடுவார். அப்போதும் கையெழுத்து இல்லை. ஒரே வழிதான் இருந்தது. நான்கு நாள், அவருக்கே தெரியாமல் அவரை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

தினமும் அவர் வீட்டுக்குப் போனேன். வடை சுட்டால், "குத்தாலத்துலேர்ந்து மச்சான் வந்திருக்காருங்க" என்று மொத்தமாக வாங்கிக்கொண்டேன். மறுநாள் அதிரசம், அதற்கு மறுநாள் நெய் சொட்டும் கேசரி. வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி கேள்வி கேட்பாள். தூக்கி எறிய மனம் வராது. வரப்பில் உட்கார்ந்து நானே தின்றேன். (ஒவ்வொரு வாய்க்கும் ஐயாவின் ஆயுள் கூடுவதாக நினைப்பு.)

திங்கட்கிழமை பேச்சுவார்த்தை நல்லபடி முடிந்தது. கையெழுத்துக்கு முன்னால் ஐயா வீட்டு ஜாங்கிரித் தட்டு வந்தது. தாசில்தார் ஒன்றை எடுத்துத் தின்றார். ஐயாவும் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"என்னய்யா பண்றே?"

"வேணாங்கய்யா! அது விஷமுங்க!"

"உங்க உடம்புக்கு" என்ற வார்த்தை பயத்தில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஐயாவின் ஆட்கள் எழுந்தார்கள். எங்கள் ஆட்களும் எழுந்தார்கள். தாசில்தார் மட்டும் உட்கார்ந்தபடி தன் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"விஷமா? எங்கே, நீ தின்னு பாப்போம்" என்றார் பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர்.

பதினான்கு குடும்பத்தின் மானம்! தட்டிலிருந்த ஆறையும் தின்றேன். "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை" என்று நிமிர்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மேல்வயிற்றில் கடப்பாரை இறங்கி முதுகு வழியாக வெளியே வந்ததுபோல் ஒரு வலி. வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தேன்.

"ஐயோ, நானும் ஒண்ணு தின்னுட்டேனே!" என்று தாசில்தார் அலறியதுதான் கடைசியாகக் காதில் விழுந்தது.

ஐயாவின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதே டாக்டரம்மா.

"மறுபடியும் இரத்தம் எடுத்தாச்சு. அதே பாலாடை. கணையம் வீங்கியிருக்கு. பதினேழு நீங்கதான்."

"நான் ஒல்லியா இருக்கேனேம்மா?"

"ஒல்லியா இருந்தா வராதுன்னு யார் சொன்னா? ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"எட்டுங்க. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."

"மூணு வேளையும் சோறுதானே? உழவு?"

"இப்ப டிராக்டருங்க."

செலவாகாத சோற்றையும் சர்க்கரையும் ஈரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விட்டுவிடுமாம். சர்க்கரை நோயும் சத்தமில்லாமல் வந்திருக்கிறது. அப்பா வழியும் காரணமாக இருக்கலாம் என்றார். ஐயாவின் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லையாம். எப்படி இருக்கும்? எங்களை வேவு பார்க்கத் தினமும் நாலு மைல் வரப்பில் நடந்தாரே! எங்கள் போராட்டம்தான் அவர் உடம்பைக் காப்பாற்றியிருக்கிறது.

மறுநாள் ஐயா கட்டிலருகே வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கேசரி உட்பட. கேட்டு முடித்ததும் வாசலில் நின்ற டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"தாசில்தாரைக் கூட்டிட்டு வாய்யா, பதிவேட்டோட! இவன் செத்துத் தொலைஞ்சா நான்தான் விஷம் வெச்சேன்னு ஊரே சொல்லும். உசிரு இருக்கும்போதே கையெழுத்தைப் போட்டுடறேன்."

ஊசி வைக்கும் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பதிவேட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பதினான்கு பெயரும் ஏறின. கையில் ட்யூபோடு படுத்துக்கொண்டே வென்ற விவசாயி இந்த ஜில்லாவில் வேறு யாராவது உண்டா?

மாத்திரை, கால் வயிற்றுச் சோறு, தினமும் நடை என்று இன்றும் இருக்கிறேன். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், என் இலையில் இனிப்பு விழுந்த அடுத்த நொடி பக்கத்து இலைக்காரன், "விஷமுங்க!" என்று பிடுங்கித் தின்றுவிடுவான். பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்த உரிமை உண்டு.

என் மகள் கல்யாணத்தில் ஐயா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். எண்பது வயது. ஆனாலும் குறி தப்பவில்லை. என் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து நிதானமாக மென்றபடி சொன்னார்:

"நீ உசிரோட இருந்தாத்தான்யா எனக்குக் குத்தகை நெல்லு வரும்."