வேர் எங்கள் வீட்டில், இலை பக்கத்து வீட்டில்

கடவுள் துணை

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் நீயும் மாப்பிள்ளையும் வயிறார உண்ட நேரத்தில் வந்து சேரட்டும். பசியோடு இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படி. இங்கே நானும் உன் அத்தானும் நலம். செடியின் நலத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதக் கடைசியில் செடியை எடுத்துப்போக வருகிறேன், என் புது வீட்டுக்குள் முதலில் என் செடிதான் நுழைய வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று நீ பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று தொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாய். கொடுத்த கையோடு நோட்டில் பதிந்துவிட்டு, தொட்டியை உன் அத்தானிடம் நீட்டினேன். இரண்டு நாள் கழித்து மூட்டைகளைப் பிரித்து நிமிர்ந்தபோது கூடத்து மூலையில் செடி நின்றது. அன்றிலிருந்து இந்தப் பதினோரு மாதமும் தண்ணீர் ஊற்றிய நாள், உரம் வைத்த நாள், உதிர்ந்த இலை எல்லாம் நோட்டில் இருக்கிறது. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து படித்தேன். அது வெளிச்சம் வேண்டும் என்றது, எங்கள் கூடமோ பகலிலேயே விளக்குப் போடும் கூடம். கொடி வெளிச்சத்தைத் தேடி மேலே போயிற்று, கீழே இருந்த இலைகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. உனக்கு மாதாமாதம் நான் எழுதியது நீளம் மட்டும். ஏழு அடி, பத்தடி, பதினாலு அடி. இலை எத்தனை என்று நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது என்று நினைத்திருந்தேன், பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால்தான் அது சேரும் என்று தெரிகிறது. மன்னித்துவிடு.

உன் அத்தான் தலையில் இடிக்கிறது என்றதால் நூல் கட்டித் திரைச்சீலைக் கம்பியின் மேல் ஏற்றி, அங்கிருந்து பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரின் வென்டிலேட்டர் வரை இழுத்துவிட்டேன். அதற்குமேல் எங்கே போய்விடும் என்ற தைரியம். மொட்டைக் கொடியில் ஒருநாள் அவர் துண்டைக் காயப்போட்டுவிட்டார். கேட்டதற்கு, "நான் செடின்னு நினைக்கலம்மா, கொடிக்கயிறுன்னு நினைச்சேன்" என்றார். அவருக்கென்ன, குளியலறை ஜன்னலில் ஷேவிங் கண்ணாடிக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு செடி வைத்துக்கொண்டு, "என்னுது பாரு, புத்தகமே படிக்காம வளருது" என்று குத்திக்காட்டுவார். அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த வேளையில்தான் பக்கத்து வீட்டுத் தையற்காரி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஆண்டவன் எனக்கு ஒரு செடி குடுத்திருக்கான். தொட்டி கிடையாது, மண்ணு கிடையாது, சுவத்துல அந்தரமா தொங்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். வெயில் விழும் அறை, தையல் மெஷினுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் இருபத்தாறு இலை. கை கூப்பினேன். தெருவில் நாலு பேரை நானே அழைத்துவந்து காட்டினேன். வீடு திரும்பி, அந்த வீட்டுக்குக் கொடுத்ததில் ஒரு இலை இந்த வீட்டுக்கும் கொடு என்று நாற்பது நாள் வேண்டினேன். எனக்குக் கணக்கு மட்டும்தான் வரும், அறிவு வேறு என்பதை நீ சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறாய்.

போன மாதம் ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறிய உன் அத்தான், நுனி எங்கே என்று பார்க்கக் கொடியை இழுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம், "ஐயோ, செடி ஓடுது" என்று ஒரு அலறல். அவளும் பிடித்து இழுத்தாள். "யாரோ இழுக்கறாங்கடி" என்று இவர் கத்த, நான் இவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, எங்கள் பக்கம் இரண்டடி வந்தது, அவள் பக்கம் மூன்றடி போனது. கடைசியில் நான்தான் வென்டிலேட்டர் வழியாக, "ஏம்மா, அது எங்க வீட்டுதுதான்" என்றேன்.

பிறகு பஞ்சாயத்து. "பெத்தது நீங்களா இருக்கலாம்க்கா, ஆளாக்கினது என் ஜன்னல்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சுவரோடு வெட்டினால் உனக்குக் கொடுக்க என்னிடம் மிஞ்சுவது ஒரு குச்சி. புத்தகத்தைப் புரட்டினேன். நெடுநெடுவென்று போன கொடியைக் கணுவுக்குக் கீழே நறுக்கித் தண்ணீரில் வைத்தால் ஒவ்வொரு துண்டும் வேர் விடும், அடிக்கட்டை புதிதாகத் துளிர்க்கும் என்று போட்டிருந்தது. துணியைத் தவிர எதன் மேலும் படவிடாத தன் பெரிய கத்தரிக்கோலை அவள் எடுத்துவந்தாள். கொடிக்கு டேப் பிடித்து அளவெடுத்தாள், கணுவுக்குக் கணு சாக்பீஸால் கோடு போட்டாள். "தையலுக்கு ஓரம் விட வேணாமாக்கா?" என்று வேறு கேட்டாள். சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னைக் கேட்காமல் வெட்டியதற்கு மன்னித்துவிடு. இலையுள்ள நுனியை அவளுக்கே கொடுத்ததற்கும் மன்னித்துவிடு. இப்போது இரண்டு வீட்டு ஜன்னலிலும் பதினோரு பாட்டில், பதினொன்றிலும் வேர். அவள் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்த அடிக்கட்டையில் நான்கு துளிர். கயிறு சுற்றிய கம்பு நட்டுப் பிடித்தேறப் பழக்குகிறோம். அதைத்தான் உனக்குக் கொடுப்பேன்.

உன் புது வீட்டில் வெளிச்சத்துக்கும் பேச்சுக்கும் குறைவே வராமல் இருக்க ஆண்டவன் அருளட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

அன்புள்ள அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் நீ செடி கொடுத்த தேதியைச் சரிபார்க்க நோட்டைத் திறந்தேன். "தங்கையின் செடி, நீலத் தொட்டி, மூன்று இலை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் வளர்த்தது பழுப்புத் தொட்டி. உன் அத்தானைக் கூப்பிட்டேன். "நீலத் தொட்டியா? அன்னிக்கே குளியலறை ஜன்னல்ல வெச்சேனே. பழுப்பு, முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது" என்றார். பதினோரு மாதமாக ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலையே" என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணாடியை மறைக்கும்போதெல்லாம் நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டிருக்கிறார், அது புதர் மாதிரி நிற்கிறது. இரண்டு முறை எண்ணினேன், நாற்பத்தொரு இலை. ஆகவே மேலே உன்னிடம் கேட்டிருக்கும் மூன்று மன்னிப்புகளையும் மறுதபாலில் திருப்பி அனுப்பு. இங்கே ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.