ரெண்டு ஆள் வேணும்

சக்கர நாற்காலி வாசலில் சிக்கிக்கொண்டது. வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் திரும்பவில்லை.

"நேத்து ஒழுங்கா உள்ள வந்துச்சே!" என்று சைரன் சார் அதை முட்டியால் இடித்தார்.

"நேத்து மடக்கித் தூக்கிட்டு வந்தீங்க. இன்னிக்கு விரிச்சுத் தள்ளுறீங்க," என்றாள் மனைவி. "அப்பாவையும் மடக்க முடியுமான்னு பாருங்க."

சைரன் சார் என்பது தெரு வைத்த பெயர். மாவட்டப் பேரிடர் பிரிவில் அவருக்கு வேலை. மழை எவ்வளவு பெய்தால் எந்தத் தெருவுக்குள் தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்று வரைபடம் போடுவார். ஆபத்தான தெருக்களுக்குச் சிவப்பு அடிப்பார். அவர் கையால் சிவப்பு அடித்த தெருக்களில் அவருடையதும் ஒன்று. மேலே அணையைத் திறந்தால் இருபது நிமிடத்தில் வாசலில் தண்ணீர்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சைரன் ஒலித்த பத்து நிமிடத்துக்குள் தெரு முழுவதும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மேலதிகாரியே கடிகாரத்தோடு வருகிறார்.

ஆனால் சைரன் சாரின் கவலை மேலதிகாரி இல்லை, மாமனார். போன வருட மழையில் தண்ணீர் மூன்றாம் படியில் வந்து நின்றது. இன்னும் ஒரு படி ஏறியிருந்தால், முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து படுத்திருந்த அந்த மனிதரை எப்படி வெளியே கொண்டுபோயிருப்போம்? அந்தக் கேள்வி அன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததுதான், இன்னும் இறங்கவில்லை.

"மாமா, பேசாம நானே உங்களைத் தூக்கிடறேன்."

"பக்கெட்டைத் தூக்கிட்டு மூணு நாள் படுத்தீங்களே மாப்பிள்ளை. என்னைத் தூக்கிட்டு எத்தனை நாள் படுக்கறதா உத்தேசம்?"

"அப்ப இந்தப் படிவத்தையாவது நிரப்பிக் கொடுங்க. தானா வெளியேற முடியாதவங்களுக்குத் தெருவிலேருந்து ஆள் அனுப்புவாங்க."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் எழுதினார். மருமகனிடம் காட்டாமல் மடித்து, தெருவின் பொறுப்பாளரான தையல்கார அம்மாவிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"என்ன மாமா எழுதினீங்க?"

"ரெண்டு ஆள் வேணும்னு."

"ரெண்டா? நீங்க ஐம்பது கிலோகூட இருக்க மாட்டீங்களே!"

"எழுதினது எழுதினதுதான்," என்று மாமனார் சாயங்கால நடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆள் வந்தாலும் நாற்காலி வாசலைத் தாண்ட வேண்டுமே. சைரன் சார் தச்சரைக் கூப்பிட்டுக் கதவையே கழற்றினார். நாற்காலி ஜம்மென்று போய் வந்தது. மறுநாள் காலையில் அதில் தெருநாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. எழுப்பியபோது, இவர் யார் என்பதுபோல் பார்த்தது.

கதவுக்குப் பதிலாக ஒரு பலகையைச் சாத்தி, சங்கிலி போட்டுப் பூட்டினார். அவசரத்துக்கு வேண்டியதெல்லாம் அவசரப் பையில் இருக்க வேண்டும் என்பது அவரே எழுதிய விதி. சாவியைப் பையில் போட்டார். ஆனால் பையிலிருந்த பேட்டரியை மனைவி சுவர்க் கடிகாரத்துக்கு எடுத்திருந்தாள். பிஸ்கட்டைக் காணவில்லை. மாமனாரின் மீசையில் தூள் இருந்தது.

"இனிமே இதை யாரும் தொடக்கூடாது!" என்று பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சைரன் அலறியது.

"யாரும் பதறாதீங்க!" என்று பதறினார் சைரன் சார். வாசலுக்கு ஓடினார், பூட்டு. சாவி பையில், பை பரணில். ஸ்டூலைப் போட்டு ஏறித் தலையைப் பரணுக்குள் நுழைத்தார். கயிறு வந்தது, விசில் வந்தது, ஏழு வரைபடங்கள் வந்தன. சாவி வரவில்லை.

"என்னங்க, நாங்க கொல்லைப்பக்கமாப் போறோம்!" என்று மனைவி கத்தியது சைரன் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

ஒருவழியாகச் சாவியோடு இறங்கிப் பார்த்தால் கட்டில் காலி. நாற்காலி காலி.

"மாமா!" குளியலறையில் தேடினார். கட்டிலுக்கடியில் தேடினார். பதற்றத்தில் பீரோவைக்கூடத் திறந்து பார்த்தார்.

கொல்லைக் கதவு வழியாகத் தச்சரும் பால்காரரும் ஸ்ட்ரெச்சரோடு நுழைந்தார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்கய்யா! மாமாவைக் காணோம். தேடுங்க!"

"படுங்க சார்," என்றார் பால்காரர்.

"நானா? நான் எதுக்குப் படுக்கணும்? மாமா இல்லாம ஒரு அடி நகர மாட்டேன்!"

"அதான் படுங்கன்னு சொல்றோம்," என்று தச்சர் அவரைச் சாய்த்தார். கூச்சல் போடப் போட இருவரும் அவரைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, தெரு நெடுகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பின்னாலேயே அந்தத் தெருநாயும் ஓடி வந்தது.

பள்ளிக்கூட மைதானத்து பெஞ்சில் மாமனார் கைத்தடியோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி.

"ஒன்பது நிமிஷம் ஐம்பது வினாடி," என்றார் மேலதிகாரி. "கடைசி ஆளும் வந்தாச்சு. உங்க தெரு பாஸ்."

கடைசி ஆள் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழ முயன்றார்.

"மாமா! நீங்க எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். ஒரு மாசமா சாயங்காலம் இங்கதானே வந்து போறேன். ஏழு நிமிஷம் ஆகுது, மாப்பிள்ளை."

சைரன் சாருக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அது இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது. தையல்கார அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"என்னம்மா பொறுப்பு இது? ஊரே பார்க்கத் தப்பான ஆளைக் கட்டித் தூக்கிட்டு வந்திருக்காங்க! படிவத்தைப் படிச்சுப் பார்த்தீங்களா, இல்லையா?"

தையல்கார அம்மா நிதானமாகப் படிவத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்:

"தானாக வெளியேற முடியாதவர்: மாப்பிள்ளை. காரணம்: எங்களைத் தேடிக்கிட்டே உள்ளேயே நின்னுடுவார்."