ரப்பர் அண்ணன் காற்று இறக்கிய நாள்

ரப்பர் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் சக்கரத்தில் ஒன்று இருந்தால், அது சக்கரத்துக்கே தெரியாது. ஐம்பதுகளில் போடிநாயக்கனூர் ஏலக்காய் மண்டியில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது ஊரே இதை ஒப்புக்கொண்டிருந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் விடமாட்டார்.

மலைமேல் அவருக்கு ஏலத்தோட்டம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து, இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார் ஒன்றை வாங்கினார். தரையோடு கிடக்கும் வண்டி. ஒல்லியான கம்பிச் சக்கரம்.

"கொக்குக் காலு மாதிரி இருக்கு. நம்ம ரோட்டுக்கு ஆகாது" என்று மட்கார்டை வெட்டி ஜீப்பு டயரை மாட்டினார். வண்டி நிமிர்ந்தது, வேகம் படுத்தது. ஸ்டியரிங்கைத் திருப்ப நானும் சேர்ந்து தொங்கவேண்டும். சிலமலைப் பாதையில் ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டியது. வண்டிக்காரர் திரும்பி, "வெரசா வாரீகளா, கயிறு போடவா?" என்றார்.

"இரும்புச் செருப்பு போட்டா மான் ஓடுமாடா மாப்ளே?" என்று அண்ணன் பழைய கம்பிச் சக்கரங்களுக்கே திரும்பினார். அவற்றுக்குப் புது டயர் போட்டதும் கார் அம்பாகப் பறந்தது. ஜீப்பு டயர் யோசனையைக் கொடுத்ததே நான்தான் என்று என் தலையில் கட்டி, ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். பிறகு எந்த வண்டியைக் கண்டாலும் டயரை அமுக்குவார். ஒரு கல்யாண ஊர்வலத்தை நிறுத்தி, "மாப்பிள்ளை சரி. முன்சக்கரத்துலதான் காத்துப் பத்தல" என்றார்.

ஒரு மத்தியானம், மழை விட்ட நேரம், போடிமெட்டுக்கு மேலே அவர் தோட்டத்தில் இருந்தோம். அங்கே வேலை பார்த்த செல்லத்தாயிக்கு நாளுக்கு முன்பே பிரசவ வலி கண்டுவிட்டது. தோட்டத்து ஜீப்பு லோடு ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. அவளைக் காரில் உட்காரவைத்தோம். அண்ணன் ஏறவில்லை, குத்தவைத்து, டயர் டயராகக் காற்றை இறக்க ஆரம்பித்தார்.

அவள் புருஷன் மாடசாமி அலறினான். "உசுரு போகுது, நீங்க காத்தப் புடுங்குறீகளே!"

"கல்லு மாதிரி இருந்தா துள்ளும்டா. கொஞ்சம் தளர்ந்திருந்தாத்தான் ரோட்டக் கவ்வும். பிள்ளத்தாச்சி குலுங்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் நடந்து வாங்க!"

கார் வளைவில் மறைந்தது. நாங்கள் ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மாடசாமி குனிந்து ஈரமண்ணில் டயர் தடத்தைப் பார்ப்பான். "வழுக்கலண்ணே" என்பான். மறுபடி ஓடுவான். பாதி வழியில் ஒரு லாரி ஏற்றிக்கொண்டது.

போடி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது, தாயும் நலம். மாடசாமி உள்ளே பாய்ந்தான். அண்ணன் வெளியே காரில் சாய்ந்து நின்றிருந்தார். காப்பி வாங்கிக் கொடுத்தேன். கை நடுங்கிச் சட்டையெல்லாம் சிந்தியது.

"என்னண்ணே?"

"வளைவுக்கு வளைவு செத்துப் பொழச்சேன்டா மாப்ளே. செல்லத்தாயி என் கையவே பாத்துக்கிட்டு வந்துச்சு. அதான் அப்ப நடுங்கல."

டம்ளரை வாங்கி, ஆற்றி, அவர் வாயருகே பிடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் கையை எடுக்கவே இல்லை.