இனி உங்கள் கறிவேப்பிலை எங்களுக்கு வேண்டாம்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள என்று தொடங்குவதுதான் வழக்கம் என்பதால், அன்புள்ள அண்ணன் ஆரோக்கியசாமி அவர்களுக்கு, தம்பி இன்பராஜ் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் மேகலாவும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. காலையில் நீங்கள் இருமியதும், அண்ணி கஷாயம் நீட்டியதும், நீங்கள் வேண்டாம் என்றதும் சுவர் வழியாகக் கேட்டன. குடித்துவிடுங்கள். நமக்கு நடுவில் இருப்பது நாலரை அங்குலச் சுவர் ஒன்றுதான் என்றாலும் தபாலில் எழுதுகிறேன். ஏனென்றால் நாம் பேசி ஒன்பது வருடமாகிறது, பேச்சை நிறுத்தியது நீங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வீட்டைப் பிரித்தபோது கறிவேப்பிலை மரம் ஒன்றரை அடி வித்தியாசத்தில் உங்கள் பக்கம் போனது. அன்று அளந்த டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் உங்கள் மச்சான். நான் வரலாறு எம்.ஏ. படித்தவன், இதெல்லாம் எனக்கு மறக்காது. இருந்தாலும் ஒரு கிளை எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. நான் பார்க்காத நேரத்தில் மேகலா அதில் பறித்துக்கொள்வாள். அவளுக்காக நானும் பார்க்காமல் இருந்தேன். போன மாதம் பதினொன்றாம் தேதி அந்தக் கிளையை வெட்டிவிட்டீர்கள். கரண்ட் கம்பியில் உரசியதாம், அண்ணி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கம்பி ஒன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது. அன்றே முடிவு செய்தேன், இனி எங்கள் வீட்டு ரசத்தில் உங்கள் மரத்து இலை ஒன்றுகூட மிதக்கக் கூடாது, தொட்டியில் சொந்தமாக வளர்ப்பது என்று.

எங்கள் பங்கில் வெயில் படுகிற இடம் மாடிப்படி முடிகிற மூலை மட்டும்தான், நாலுக்கு ஒன்பது அடி. ஒரு வாரம் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து வெயிலைக் குறித்தேன். காலை பத்து இருபதுக்கு வருகிறது, மதியம் ஒன்று முப்பத்தைந்துக்குப் போய்விடுகிறது. போகக் காரணம் போன வருடம் நீங்கள் மாடியில் வைத்த கறுப்புத் தண்ணீர் டேங்க். இதைப் பிறகு பேசுவோம்.

வெள்ளிக்கிழமை மதியம் மாதனூர் தாண்டி ரோட்டோரம் இருக்கிற ஷாஹித் பாயின் நர்சரிக்குப் போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். செல்லம்மாள் என்கிற அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். "சும்மா பாத்துட்டு இருங்க சார், பாய் வந்துடுவாரு" என்றார் செல்லம்மாள். பார்க்கச் சொன்னால் நான் பார்த்துவிடுவேன் என்பது அவருக்குத் தெரியாது. ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றவன் நான். ஒரு லாட் முழுவதையும் பாஸ் பண்ண மாட்டேன் என்றதற்காக விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், விருப்பம் யாருடையது என்று இன்றுவரை சொல்லவில்லை. வரும்போது நான் கையோடு கொண்டுவந்தது அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு ரோல். தோலில் கீறலோ தையலில் பிசகோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவோமே, நகத்தளவில், சிவப்பாக, அதுதான். எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மேகலா சுட்ட தோசையில்கூட ஒருமுறை ஒட்டியிருக்கிறேன். ஒரே ஒருமுறை.

முதலில் பார்த்தது ஒரு எலுமிச்சைக் கன்று. அதன் இலையில் வெள்ளையாக ஒரு கோடு, பேனா எழுதுகிறதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்ததுபோல வளைந்து வளைந்து போயிருந்தது. தடவினால் மேலே கீறல் இல்லை, கோடு இலைக்குள்ளேயே ஓடுகிறது. இது எப்படி உள்ளே போயிருக்கும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பாய் வந்ததும் கேட்கலாம், இடம் மறந்துவிடக் கூடாது என்று ஒரு அம்பு ஒட்டினேன். பக்கத்துச் செம்பருத்தியில் நுனி இலை சுருண்டிருந்தது, ஒட்டினேன். மிளகாய் நாற்றில் ஓட்டை, ரோஜாவில் கறுப்புப் புள்ளி, கொய்யாவில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும், எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கம்பெனியைவிட்டு வந்த மூன்று வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பார்க்கவில்லை. வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த மூன்று பெண்களும் முன்பு ஷூ கம்பெனி லைனில் வேலை பார்த்தவர்கள். அம்பு ஒட்டின பீஸை லைனில் விட்டுவைக்கக் கூடாது என்பது அவர்களுக்குக் கையிலேயே ஊறிப்போனது. நான் ஒட்ட ஒட்ட, பின்னாலேயே வந்து ஒவ்வொரு செடியாகத் தூக்கிக் கொல்லைப்பக்கம் பச்சை வலைக்கு அடியில் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறார்கள். ஷாஹித் பாய் தொப்பியோடு வந்து இறங்கியபோது முன்பக்கம் முழுக்க வெறும் தரை. முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

"இன்னாம்மா, எல்லாம் வித்துப்போச்சா?"

"இல்ல பாய், எல்லாம் ரிஜெக்ட். ஒண்ணே ஒண்ணுதான் பாஸ்."

"யாரு ரிஜெக்ட் பண்ணது?"

"இதோ, சார்."

"இவரை யாரு வேலைக்கு வச்சது?"

"நீங்கதான் வச்சிருப்பீங்கன்னு நெனச்சோம் பாய். அம்பு ஒட்டிட்டு இருந்தாரு, நாங்க எடுத்துட்டு இருந்தோம்."

பாய் என்னை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன், டீ என்பதால் குடித்தேன். "சார், இலையில ஓட்டை இருந்தா பூச்சி தின்னிருக்குன்னு அர்த்தம். பூச்சி தின்னா நான் மருந்து ஜாஸ்தி அடிக்கலன்னு அர்த்தம். இது குறையா, நெறையா?" என்றார். எலுமிச்சை இலைக்குள் ஓடிய கோடு ஒரு சின்னப் புழு தின்றுகொண்டே போன பாதையாம், அது வளர வளரக் கோடும் அகலமாகுமாம். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. செல்லம்மாள் வேறு, "தோல்ல முள்ளு கிழிச்ச தடம் இருந்தா, அது வெளிய மேஞ்ச மாடு, தோலு நல்லாருக்கும்னு எங்க சூப்பர்வைசர் சொல்லுவாரே சார், அந்த மாரிதான்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை நல்ல மாட்டை ரிஜெக்ட் பண்ணினேனோ தெரியவில்லை. அம்புகளையெல்லாம் நானே உரித்துக் கொடுத்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

பாஸான அந்த ஒன்று கறிவேப்பிலைக் கன்று. இரண்டடி உயரம், அடி முதல் நுனிவரை ஒரு குறை இல்லை. உங்கள் மரம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. உங்களுடையதில் வாசனை கம்மி என்பதை ஒன்பது வருடமாக மனதிலேயே வைத்திருந்தேன். தொட்டியோடு திங்கட்கிழமை வண்டியில் கொண்டுவந்து இறக்குவதாக பாய் சொன்னார். நான் தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்றை மட்டும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து கிலோ, செங்கல் மாதிரி அழுத்தி வைத்தது. தண்ணீரில் போட்டால் உப்பும் என்றார்கள். எவ்வளவு உப்பும் என்று பார்க்க ஆசையாக இருந்ததால் முழுக் கட்டியையும் பாத்ரூம் வாளியில் போட்டேன். வாளி நிரம்பியது. பாதியை அண்டாவுக்கு மாற்றினேன். அண்டா நிரம்பியது. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அது வந்துகொண்டே இருந்தது. "நான் எங்கங்க குளிக்கிறது?" என்று மேகலா கேட்டாள். இப்போது துணி ஊறவைக்கிற டப்பா, சோற்றுக் குண்டான் உட்பட ஏழு பாத்திரத்தில் எங்களிடம் மண் இருக்கிறது. செடிதான் வரவேண்டும்.

ஆகவே இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், இனி உங்கள் மரத்தோடு எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. மிச்சக் கிளைகளையும் விருப்பம்போல் வெட்டிக்கொள்ளலாம். அண்ணிக்கு என் நமஸ்காரம். மாதா உங்கள் குடும்பத்தைக் காப்பாளாக, உங்கள் மச்சானையும் சேர்த்து.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
ம. இன்பராஜ், எம்.ஏ.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவைத்து, இப்போது பிரித்து எழுதுகிறேன். திங்கள் காலை பாய் வண்டியோடு வந்து, நம் வீட்டு முன்னால் நிறுத்தி, உங்கள் கேட்டைத் தட்டினார். நான் இறங்கி ஓடி, "அது இல்ல பாய், இது" என்றேன். பாய் இரண்டு கேட்டையும் பார்த்தார். "நீங்க சாமி அண்ணன் தம்பியா? கன்னே இங்கருந்து எடுத்ததுதான் சார். மரத்துக்கு அடியில வேர்ல வெடிச்சு வருமே, அதை அண்ணிதான் தோண்டி கவர்ல போட்டுக் குடுத்தாங்க" என்றார். இலைக்குள் ஓடும் கோடுவரை எல்லாவற்றையும் கேட்ட நான், கன்று எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. மறுபடி முழுதாகச் சோதித்தேன். குறை இல்லை. இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன், எனக்கு முகதாட்சண்யம் கிடையாது.

இப்போது மூலையில் வைத்திருக்கிறேன். பாய் வெயிலைப் பார்த்துவிட்டு, "மூணு மணி நேரம் பத்தாது சார், அஞ்சாவது வேணும், இல்லன்னா நிக்காது" என்றார். உங்கள் டேங்கை வடக்கே இரண்டடி தள்ளினால் மூன்றரை மணிவரை வெயில் கிடைக்கும். எனக்காக வேண்டாம், உங்கள் மரத்துப் பிள்ளை உங்கள் டேங்க் நிழலில் நிற்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். தபாலில் போட்டால் பக்கத்து வீட்டுக்கே ரெண்டு மூணு நாள் ஆக்குறாங்க, செடிக்கு அவ்ளோ பொறுமை கிடையாது, அதனால இதைச் சுவர் மேலயே போடுறேன். தனியா தள்ளாதீங்க, இருமல் ஜாஸ்தியாயிடும். தண்ணிய காலி பண்ணிட்டு ஒரு குரல் குடுங்க, நான் வர்றேன். டேப் என்கிட்ட இருக்கு. மறுமுனைய நீங்களே புடிங்க.